ஏழு கல்லுக்கு மஞ்சள்

அந்த ஆள் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், இன்றைக்கு நான் இந்த பஸ்ஸில் உட்கார்ந்திருக்க மாட்டேன் தாயி. என் மகள் பக்கத்தில் இருந்திருப்பேன். கெடுத்தது அவர் ஒருத்தர்தான். எங்கள் புளி மண்டியில், பேரம் படிந்து வருகிற நேரம் பார்த்து நடுவே புகுந்து பேசுகிறவனை வாசலோடு அனுப்பிவிடுவோம். இவரை என்ன செய்வது? பெண்ணைக் கொடுத்துவிட்டேனே.

என் மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன். பேர் கேட்காதே. அந்தப் பேரை இனி என் வாயால் சொல்வதில்லை என்று விமானத்திலேயே முடிவு பண்ணிவிட்டேன்.

பெட்டி உன் காலில் இடிக்கிறதா? இங்கிட்டுத் தள்ளு. அமெரிக்காவிலிருந்து நேராக வருகிற பெட்டி அது. மதுரை ஏர்போர்ட் வாசலில் எனக்காக ஒரு கார் நின்றது தெரியுமா? டிரைவர் என் பேரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றான். யார் ஏற்பாடு? அந்த ஆள்தான். "உன்னை அனுப்பினவர்கிட்டப் போய்ச் சொல்லு, வெள்ளைத்தாய்க்கு கவர்மெண்ட் பஸ் ஓடுது"ன்னு திருப்பி அனுப்பிவிட்டேன். காரும் வேண்டாம், கரிசனமும் வேண்டாம்.

நீ எங்கே இறங்குகிறாய்? சத்திரப்பட்டியா? நான் நத்தம். அப்போ நேரம் இருக்கிறது, கேள். கேட்டுவிட்டு நீயே நியாயம் சொல்லு.

என் மகள் யோகேஸ்வரி. யோகு. மாசமாக இருக்கிறாள். இது மூன்றாவது. முன்னே ரெண்டும் தங்கவில்லை. இந்தத் தடவை விமானம் ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். தலைப்பிரசவம் தாய்வீட்டில் நடக்கணுமா இல்லையா? மகள் வர முடியாது என்றால் தாய்வீடு அங்கே போக வேண்டியதுதானே. போனேன். மண்டியை ஆளிடம் விட்டுவிட்டுப் போனேன். பெரிய காரியம் தாயி அது. அந்த மண்டி சும்மா வந்ததில்லை. யோகுவுக்குப் பல் முளைக்கும் முன்னாலேயே அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். புளியைத் தட்டிக் கொட்டை எடுக்கிற கூலிக்காரியாகத்தான் உள்ளே நுழைந்தேன். பிறகு மரம் ஏலம் எடுக்கப் போனேன். ஏலத்தில் அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே ஒரு பொம்பிளை. மெதுவாகப் பேசினால் யார் காதில் விழும்? கத்தினேன். கத்திக் கத்தித்தான் மரம் வாங்கினேன், மகளைப் படிக்க வைத்தேன். இப்போது அவள் சொல்கிறாள், "ஏம்மா எல்லார்கிட்டயும் கத்துற?" என்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கே போய்ப் பத்திருபது நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஒருநாள் அந்த ஆள் சொன்னார்: "அத்தை உள்ளேயே அடைஞ்சு கிடக்காங்க யோகு. சனிக்கிழமை அந்த நேஷனல் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போவோமா?" நல்லா கவனி. நானா கேட்டேன்? இதற்கும் அவர்தான் ஆரம்பம்.

பார்க் என்றால் ஊஞ்சலும் சறுக்கு மரமும் இருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். போனால் ஒரு பள்ளம். பள்ளம் என்றால் நம்ம ஊர்ப் பள்ளம் இல்லை. எட்டிப் பார்த்தால் கீழே நிற்கிறவன் எறும்பு மாதிரி இருக்கிறான். தண்ணீரும் காற்றும் அரித்து அரித்து, இருக்கிற மண்ணையெல்லாம் கொண்டுபோய், பாறையை மட்டும் தனித்தனியாக நிறுத்தி வைத்திருக்கிறது. புதுப்புளி நிறத்தில் ஒன்று, பழம்புளி நிறத்தில் ஒன்று. கார் காராக வந்து இறங்கி, அதன் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

காரில் வரும்போதே அந்த ஆள் சொன்னார், இல்லை என்று சொல்லவில்லை: "அத்தை, அங்க எதையும் தொடக் கூடாது. கயிறு கட்டியிருந்தா தாண்டக் கூடாது. ஒரு சின்னக் கல்லைக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தா கேஸ்." எடுக்கக் கூடாது என்றுதானே சொன்னார்? நான் எடுத்தேனா? வைத்தேன். எடுப்பதும் வைப்பதும் ஒன்றா? நீயே சொல்லு.

யோகுவுக்கு மூச்சு வாங்கியது. மேலேயே நிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நானும் அந்த ஆளும் மட்டும் கொஞ்ச தூரம் கீழே இறங்கினோம். அதற்குள் மேலே குளிர்காற்று அடிக்க ஆரம்பித்தது. "யோகுவுக்கு சால்வை கொடுத்துட்டு வந்துர்றேன் அத்தை. இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினார். நின்றேன். நான்பாட்டுக்குத்தான் நின்றேன். அப்படியே திரும்பிப் பார்க்கிறேன், தாயி.

ஏழு கல்.

வரிசையாக ஏழு. தோளோடு தோள் சேர்த்து நிற்கிற பெண் பிள்ளைகள் மாதிரி. கடைசியில் நிற்பது மட்டும் குள்ளம். அடியில் ஒரு விரல் கனத்துக்குத் தண்ணீர் ஓடுகிறது. எங்கள் கரந்தமலை அடிவாரத்தில் கன்னிமார் இருக்கிறார்களே, ஓடை ஓரத்தில் ஏழு கல்லாக, பார்த்திருக்கிறாயா? பிள்ளை தங்காதவர்கள் மஞ்சள் சாத்தி வேண்டிக்கொள்வார்களே, அவர்களேதான். கடல் தாண்டி வந்து எனக்கு முன்னால் நிற்கிறார்கள். ஏன் நிற்கிறார்கள்? யாருக்காக நிற்கிறார்கள்? பள்ளத்தைப் படம் எடுக்கிற வெள்ளைக்காரனுக்காகவா?

என் சுருக்குப்பையில் மஞ்சளும் குங்குமமும் எப்போதும் இருக்கும். எனக்கு வைத்துக்கொள்ளக் கொடுப்பினை இல்லை, மகளுக்காக வைத்திருப்பேன். நடுவே கட்டியிருந்த கயிறு இடுப்பு உயரம்கூட இல்லை, அதில் ஏதோ இங்கிலீஷ் பலகை. குனிந்து அந்தப் பக்கம் போனேன். குடிக்கிற தண்ணீரை ஊற்றி மஞ்சளைக் குழைத்தேன். எட்டுகிற வரைக்கும் பூசினேன், ஒவ்வொருத்திக்கும். குங்குமம் வைத்தேன். "ஆத்தாக்களா, இந்தப் பிள்ளையாவது தங்கணும். தங்கிருச்சுன்னா ஏழு பேருக்கும் சேலை. பட்டெல்லாம் கேக்காதீங்க, நூல் சேலைதான். ஆனா நல்ல நூலு" என்று பேசி முடித்தேன். சாமிகிட்டேயும் பேச வேண்டியதைத் தெளிவாகப் பேசிவிட வேண்டும். பிறகு பிரச்சினை வரக் கூடாது பார்.

ரெண்டாவது ஆத்தாவுக்கு நெற்றி எட்டவில்லை என்று பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு திட்டில் கால் வைத்து ஏறினேன். அது காராச்சேவு மாதிரி நொறுங்கிற்று. என்ன பாறையோ! பார்க்கத்தான் பாறை. தொட்டால் மணல்.

அதற்குள் கயிற்றுக்கு அங்கிட்டு ஒரே சத்தம். ஒரு கிழவி என்னைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிக் கத்துகிறாள். ஒருத்தன் போனில் படம் எடுக்கிறான். நானும் வணக்கம் வைத்தேன். சாமி கும்பிடுவதைப் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அப்புறம் ஓட்டமாக வந்தாள் ஒரு தொப்பிக்காரி. நம்ம ஃபாரஸ்ட்காரர்கள் மாதிரி உடுப்பு. ஆள் நல்ல வாட்டசாட்டம்.

அவள் இங்கிலீஷில் பேசினாள். நான் தமிழில் பேசினேன். அதனால் என்ன? ஆந்திராக்காரனிடமும் கன்னடத்துக்காரனிடமும் பேசாத பேச்சா? முகத்தைப் பார்த்துப் பேசினால் போதும். மேலே பெஞ்சில் இருக்கிற மகளைக் காட்டினேன். என் வயிற்றைத் தொட்டுக் காட்டினேன். ரெண்டு விரலைக் காட்டி, கையை விரித்தேன், ரெண்டு போச்சு என்று. அவளும் பெண்தானே? மேலே பார்த்தாள். முகம் கொஞ்சம் இளகியது. சத்தியமாகச் சொல்கிறேன், இளகியது. சரி, இவள் வழிக்கு வருகிறாள், நாமும் ஒரு படி இறங்குவோம் என்று, "கழுவித் தர்றேன், இந்தா பாரு" என்று மிச்சத் தண்ணீரை முதல் கல்லில் ஊற்றினேன். மஞ்சள் போகவில்லை. கோடு கோடாகக் கீழே இறங்கிற்று. நெற்றியில் இருந்தது கால் வரைக்கும் வந்துவிட்டது. தொப்பிக்காரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற மாதிரி இல்லை, மெதுவாகத்தான் பிடித்தாள். இன்னும் ரெண்டு வார்த்தை பேசியிருந்தால் விட்டிருப்பாள்.

அப்போதுதான் வந்தார் அந்த ஆள். மூச்சு இரைக்க ஓடி வந்து, எனக்கும் அவளுக்கும் நடுவே நின்றுகொண்டு, நெஞ்சில் கையை வைத்து என்னமோ சொன்னார். மூணே மூணு வாக்கியம். அவ்வளவுதான். இளகின முகம் இறுகிப் போயிற்று. என் கையை விட்டுவிட்டு அவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனாள். என்னமோ எழுதினாள், இவர் கையெழுத்துப் போட்டார்.

"என்ன சொன்னீங்க மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல அத்தை. நான் பேசிட்டேன். வாங்க போகலாம்."

என் பேரத்தை அவர் பேசி முடித்துவிட்டாராம்!

 வீட்டுக்கு வந்து ராத்திரிச் சோறு வைக்கும்போதுதான் யோகு உடைத்தாள். அந்த ஆள் என்ன சொன்னாராம் தெரியுமா? "இவங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. நான்தான் செய்யலாம்னு சொன்னேன். தப்பு என்னோடது" என்றாராம். கேஸ் அவர் பேரில். கோர்ட்டுக்கு வேறே போகணுமாம். அந்தக் கல் இப்படி நிற்க எத்தனையோ லட்சம் வருஷம் ஆயிற்றாம். யார் உட்கார்ந்து எண்ணினது?

"இங்கயே நிரந்தரமா தங்குறதுக்கு எழுதிப் போட்டு எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கோம் தெரியுமாம்மா?" என்றாள் யோகு. "இனி எந்த ஃபாரத்துல கேட்டாலும் இவர் இந்தக் கேஸை எழுதணும். வக்கீல் ஒண்ணும் ஆகாதுன்னும் சொல்லல, ஆகும்னும் சொல்லல."

"அப்ப எதுக்குடி அவர் தலையில போட்டுக்கிட்டார்? நான் கேட்டேனா?"

"உன் பேர்ல எழுதினா உன்னை உடனே ஊருக்குத் திருப்பி அனுப்பிருவாங்களோன்னு பயந்துட்டாரும்மா. பிரசவத்துக்கு நீ பக்கத்துல இருக்கணும்னு நான் ஆசைப்பட்டேன்ல. அதுக்காகத்தான்."

பார்த்தாயா கதையை? எனக்காகத்தான் செய்தாராம்! என்னை ஒரு வார்த்தை கேட்டாரா? ஏலத்தில் எத்தனை பேரைச் சமாளித்தவள் நான், ஒரு தொப்பிக்காரியைச் சமாளிக்க மாட்டேனா? படிக்கத் தெரியாதவள் என்று ஊரான் முன்னால் சொல்லிவிட்டு, பெரிய தியாகி மாதிரி நிற்கிறார். எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறிவிட்டது.

இரு, போன் அடிக்கிறது. அவர்தான். ஏர்போர்ட்டில் இறங்கினதிலிருந்து விடாமல் அடித்துக்கொண்டிருக்கிறார். எடுக்க மாட்டேன். அடிக்கட்டும்.

எங்கே விட்டேன்? ஆங். அதற்கப்புறம் கொஞ்ச நாள் வீடு நெருப்பு மேல் வைத்த சட்டிதான். அந்த ஆள் எப்போதும் போல "அத்தை, காபி", "அத்தை, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பார். அதுதான் எனக்கு ஆகவில்லை. திட்டிவிட்டால் திருப்பித் திட்டலாம். திட்டாத மனுஷனை என்ன செய்வது? பிறகு கோர்ட்டுக்குப் போய்விட்டு வந்தார். தண்டம் கட்டிவிட்டு, "முடிஞ்சுது, இனி அதைப் பத்திப் பேச வேணாம்" என்று சாப்பிட உட்கார்ந்தார். பேச வேண்டாமாம்! கேஸ் முடிந்தால் என் கணக்கு முடிந்துவிடுமா? அன்றைக்கு ஒரு வார்த்தை விட்டேன். கோபத்தில் எல்லோரும் விடுகிறதுதான்.

என்ன வார்த்தையா? அது பெரிய விஷயமில்லை. "ஒரு சாமி படம் உண்டா இந்த வீட்டுல? விளக்கேத்த ஒரு மாடம் உண்டா? நான் ஒருத்தி கும்பிட்டேன், அதையும் தப்புன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க. முன்ன ரெண்டும் ஏன் தங்கலன்னு நெனைக்கிறீங்க? எல்லாம் உங்க ராசி" என்றேன். இதுதான். நாட்டில் எத்தனை பேர் வாயில் ராசி என்று வருகிறது. ஒவ்வொன்றுக்கும் முறைத்துக்கொண்டு போனால் உலகம் நடக்குமா?

அவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். கையைக் கழுவினார். வெளியே போய்க் காரைத் திறந்து உள்ளே உட்கார்ந்துகொண்டார். காரை எடுக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்.

யோகு அடுப்படியில் கரண்டியோடு நின்றாள். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. அடுப்பை அணைத்தாள்.

"அம்மா. அந்த ரெண்டு தடவையும் ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னது அவர்தான். நீ மண்டியில இருந்த" என்றாள்.

நீயே சொல்லு தாயி. ரெண்டு தடவையும் மாசி, பங்குனி. புளி வந்து இறங்குகிற நேரம். ஒரு வருஷத்துச் சோறு அந்த ரெண்டு மாசத்தில் இருக்கிறது. போட்டுவிட்டு எப்படிப் போவேன்? அவளுக்குத் தெரியாததா? அந்தப் புளியில் வளர்ந்தவள்தானே.

மறுநாள் காலையில், "டிக்கெட்டை மாத்தியாச்சும்மா" என்றாள். அவ்வளவுதான்.  என் துணியை அவளே மடித்தாள். கொண்டுபோன புளி, வத்தல், வளைகாப்புக்கு வாங்கின கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் திரும்பப் பெட்டியில் வைத்தாள். நான் எடுத்து வெளியே வைப்பேன், அவள் மறுபடி உள்ளே வைப்பாள். வளையல் உடையாமல் இருக்க என் சேலையில் சுற்றி வைத்தாள். அவ்வளவு பதமாக வைக்கத் தெரிந்தவளுக்கு, "அம்மா, பத்திரமா போ" என்று சொல்லத் தெரியவில்லை. வாசலுக்குக்கூட வரவில்லை.

ஏர்போர்ட்டுக்கு யார் கொண்டுவந்து விட்டது? அந்த ஆள்தான். கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது, மதுரை விமானத்தில் ஏற்றிவிடுங்கள் என்று எழுதியிருக்கிறதாம். ஆட்டுக்கு மணி கட்டின மாதிரி அதை மாட்டிக்கொண்டு வந்தேன். என்னை உட்கார வைத்துத் தள்ளுகிற வண்டிக்கு ஆளைப் பிடித்தார். "அத்தை, யோகு கோபம் குறையட்டும். நான் பேசுறேன்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பேசினது போதாதா? வாயைத் திறந்துதானே இவ்வளவும் வந்தது.

இப்போது நாள் நெருங்குகிறது. அவளுக்கு ராத்திரியானால் கால் வீங்கும். கொள்ளு வேகவைத்த தண்ணீர் வேண்டும், அங்கே யார் வைப்பார்கள்? இடுப்பு வலி எடுத்தால் முதலில் "அம்மா" என்றுதானே கத்துவாள். எந்தப் பெண்ணும் அப்படித்தானே கத்துவாள். நான் எங்கே இருப்பேன்? நத்தத்தில் தராசுக்குப் பக்கத்தில்.

என்ன, எழுந்திருக்கிறாய்? சத்திரப்பட்டி வந்துவிட்டதா? ஊருக்குள் நுழையத்தானே செய்கிறது, இரு. பஸ் நிற்கட்டும். கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறு, இந்தப் பிள்ளை இறங்கணும், ஓட்டிறாதே!

தாயி, ஒரு உதவி. இந்தப் போனில் பேசி அனுப்புகிறது இருக்குமே, அதை அமுக்கிக் கொடு. யோகுவுக்குப் போட்டால் கேட்க மாட்டாள். அவருக்கே போடு. ஆமா, அந்த ஆளுக்குத்தான். கண்ணாடி போட்ட படம் இருக்கும் பார், அதுதான். அமுக்கிவிட்டாயா? பேசலாமா? விரலை எடுத்துவிடாதே.

மாப்பிள்ளை, நான்தான். ஊருக்கு வந்துட்டேன். பஸ்லதான் வந்தேன். கார்க்காரனைத் திட்டாதீங்க, அவன் மேல தப்பு இல்ல. கேளுங்க. நீங்க யோகுகிட்டப் பேசணும். பிரசவத்துக்கு என்னைக் கூப்பிடச் சொல்லணும். மூணு மாசம் இருப்பேன்னு சொன்னேன்ல, அது வேணாம். ஒரு மாசம் போதும். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு கை வேணும்ல? ஒரு மாசம் ஜாஸ்தின்னா பதினஞ்சு நாள். அடுப்படியை விட்டு வெளிய வர மாட்டேன். எங்கயும் கூட்டிட்டுப் போகச் சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை, கேக்குதா? சரி, பதினஞ்சு நாளும் வேணாம். பிறக்கிற அன்னைக்கு மட்டும். ஆஸ்பத்திரியில வெளிய பெஞ்சு போட்டிருப்பாங்கள்ல, அதுல உக்காந்துக்கிறேன். உள்ள நீங்களே இருங்க. அவ கையை நீங்களே பிடிச்சுக்கங்க. சத்தம் மட்டும் கேட்டாப் போதும் எனக்கு. அன்னைக்கு நான் சொன்னது... நீங்க சாப்பிடுற நேரத்துல சொல்லியிருக்கக் கூடாது. அது கிடக்கட்டும். எல்லாம் உங்களால வந்தது, நீங்கதான் சரி பண்ணணும். அவ எந்திரிச்சதும் போனைப் போட்டு அவ கையில கொடுங்க. பேச மாட்டேன்னு சொன்னா பேச வேணாம். காதுல மட்டும் வைக்கச் சொல்லுங்க. வைக்க மாட்டேன்னு அடம்பிடிப்பா. நீங்க வச்சு விடுங்க மாப்பிள்ளை.